வானம் பார்த்தவனும் வீடு பார்த்தவளும்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் அண்மையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வானியல் பற்றி நான் முன்னர் எழுதிய பத்திரிகைக் கட்டுரைகள் சிலவற்றைத் தேடி வாசித்தவராம். ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடன்பட்டு வாங்கியிருக்கிறார். அதை எப்படி நிறுத்துவது, அதன் கண்ணாடியை எதனால் துடைப்பது என்று கேட்கப்போகிறார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டதோ வேறு.

"ஐயா, கலியாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. இரவில் நான் இதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால், மறுநாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?"

நாற்பது வருடங்கள் செய்தி எழுதியவன் நான். மந்திரிமாரிடமும் துரைமாரிடமும் சங்கடமான கேள்விகள் கேட்டே சம்பளம் வாங்கியவன். அன்று அந்தப் பையனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சமாளித்தேன் என்று சொன்னால் அது பொய். பிறகு அழைப்பதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவருக்குச் சொல்ல நினைத்ததைக் கொஞ்சம் சரித்திரத்தையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

1986ஆம் ஆண்டு. அப்பொழுது நான் அட்டனில் ஒரு பத்திரிகையின் பிரதேச நிருபர். திருமணமாகி இரண்டு வருடங்கள். மூத்த மகளுக்கு ஏழு மாதம். ஹேலியின் வால்வெள்ளி வருகிறதென்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தன. மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பிய ஒருவரிடம் அறுபது மில்லிமீற்றர் யப்பானியத் தொலைநோக்கி ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். என் மனைவி தையல் இயந்திரம் வாங்குவதற்காக ஒன்றரை வருடமாகச் சீட்டுக் கட்டியிருந்தாள். அந்தச் சீட்டுக் காசு தொலைநோக்கியாயிற்று. கேட்டுத்தான் வாங்கினேன். ஆனால் கேட்ட விதம் மறுக்க முடியாத விதம். இதைக் கணவன்மார் அறிவார்கள்.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் வால்வெள்ளியை விடிவதற்கு முன்னரே பார்க்க வேண்டியிருந்தது. அதிகாலை மூன்றரை மணிக்கு எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தேயிலை மலையின் உச்சிப் பாதைக்கு ஏறுவேன். மலைநாட்டில் மழையும் மூடுபனியும் இல்லாத வானம் வருடத்தில் சில வாரங்களுக்கே கிடைக்கும். பெப்ரவரியும் மார்ச்சும் அந்தக் கொஞ்சத்தில் அடக்கம். தென்மேற்கே சிவனொளிபாத மலையில் யாத்திரைப் பருவத்து விளக்குகள் அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரு கோடாக எரிந்துகொண்டிருக்கும். தென்கிழக்கே வால்வெள்ளி. கீழே லயங்களில் ஒவ்வொன்றாக அடுப்பு எரியத் தொடங்கும். பிரட்டுக்குப் போகும் பெண்கள் அந்நேரத்திலேயே ரொட்டி சுடுவார்கள். அவர்களும் என்னைப்போல் மூன்றரை மணிக்கு எழுந்தவர்கள்தான் என்பது அன்று என் சிந்தைக்கு எட்டவில்லை.

ஓர் அதிகாலை ஆறு மணி கடந்து வீடு திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் விடயத்தைச் சொன்னார். இரவு இரண்டு மணியிலிருந்தே பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல். நான் மலைக்குப் புறப்பட்டபோது மகளின் உடம்பு சுடுவதாக மனைவி சொல்லியிருக்கிறாள். "வந்து பார்ப்போம்" என்று நான் சொல்லிப் போயிருக்கிறேன். நான்கரை மணிக்குப் பிள்ளைக்கு வலிப்புக் கண்டது. ரோச் லைட்டும் கையுமாக, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றரை மைல் தூரம் தனியே நடந்து தோட்டத்து மருந்துச்சாலையை அடைந்திருக்கிறாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது காய்ச்சல் தணிந்து பிள்ளை உறங்கிக்கொண்டிருந்தது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். ஆனால் மருந்துச்சாலை வாங்கில் அமர்ந்தபடி என் மனைவி சொன்ன ஒரு வசனம் இன்றும் என்னிடம் உண்டு.

"வால்வெள்ளி எழுபத்தாறு வருடத்துக்கு ஒருமுறை வருவது சரிதான். காய்ச்சல் அப்படி நாள் சொல்லி வருவதில்லை."

சத்தம் போடவில்லை. அழவுமில்லை. அன்றே தொலைநோக்கி பெட்டிக்குள் போய் அலுமாரிக்கு மேல் ஏறியது. பத்து வருடத்துக்கு மேலாக அங்கேயே இருந்தது.

பெட்டிக்குள் போனது குழாய்தான், ஆசை போகவில்லை. பார்க்க முடியாதவன் வாசிக்கத் தொடங்கினான். வானத்தைப் பார்த்தவர்களின் சரித்திரத்தைத் தேடி வாசித்தேன். முதலில் என்னைக் கவர்ந்தவர் நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட பேர்சி பிரேபுரூக் மோல்ஸ்வேர்த். மலைநாட்டு வாசகர்களுக்கு இவரது தகப்பனாரைச் சொன்னால் விளங்கும். இலங்கை ரயில் பாதையின் ஆரம்ப காலத்துத் தலைமைப் பொறியியலாளர் கில்போர்ட் மோல்ஸ்வேர்த். கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து கண்டிக்கு ரயில் வந்த ஆண்டு 1867. அதே ஆண்டில் கொழும்பில் பிறந்தவர் பேர்சி. அந்தப் பாதைதான் பின்னர் நாவலப்பிட்டி வந்து, 1884இல் அட்டனையும் 1885இல் நானு ஓயாவையும் தொட்டது. நம் முன்னோர் வெட்டிய மண்ணின் மேல் ஓடிய பாதை.

மகன் பேர்சி இராணுவப் பொறியியல் படையில் சேர்ந்து திருகோணமலையில் பணிபுரிந்தார். வானியல் அவருக்குத் தொழிலன்று, பொழுதுபோக்கு. பன்னிரண்டரை அங்குலத் தெறிப்புத் தொலைநோக்கியைத் திருகோணமலைக் கடற்காற்றில் நிறுத்தி வியாழனையும் செவ்வாயையும் இரவிரவாகப் பார்த்தார். வியாழனின் முகத்தில் தெரியும் புள்ளிகள் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தை ஆயிரக்கணக்கில் குறித்து வைத்தார். 1901ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்தக் கிரகத்தின் தென் அயனமண்டலப் பகுதியில் அவர் முதலில் கண்ட பெருங்குழப்பம் ஏறத்தாழ நாற்பது வருடங்கள் நீடித்தது. வானத்துக்காகவே 1906இல் படைச் சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர், 1908இல் திருகோணமலையிலேயே காலமானார். செவ்வாய்க் கிரகத்தின் பள்ளம் ஒன்று அவரது பெயரைத் தாங்குகிறது.

இவரைப்பற்றி நான் எழுதிய ஞாயிறுக் கட்டுரையைப் பலரும் பாராட்டினார்கள். என் கையெழுத்து அச்சுக்கோப்பவருக்கு விளங்காது என்பதால், என் கட்டுரைகளை எல்லாம் அழகாகப் பிரதிபண்ணிக் கொடுப்பவள் மனைவி. மோல்ஸ்வேர்த்தையும் அவள்தான் பிரதிபண்ணினாள். எழுதி முடித்துவிட்டுத் தாள்களை நீட்டியபோது, "இந்த மனிதர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று ஒரு வரிகூட இல்லையே?" என்று கேட்டாள். அது கட்டுரைக்குத் தேவையில்லை என்றேன். மேலே என் பெயரைப் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

அதன் பிறகு அவள் கேட்ட அந்தக் கேள்வியோடுதான் வாசிக்க வேண்டியதாயிற்று. வானியல் சரித்திரத்தில் இல்லறம் எங்கே என்று பார்க்கத் தொடங்கினால் நிறையவே கிடைக்கிறது.

யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹேர்ஷல் ஓர் இசைக் கலைஞர். அவர் வானத்துக்கு வந்ததும் பொழுதுபோக்காகத்தான். அவருக்கு இரவெல்லாம் உடனிருந்து நேரத்தையும் இடத்தையும் குறித்தெடுத்தவள் தங்கை கரோலைன். அவளே எட்டு வால்வெள்ளிகளைக் கண்டவள். 1787இல் பிரித்தானிய மன்னர் அவளுக்கு வருடம் ஐம்பது பவுண் சம்பளம் கொடுத்தார். அடுத்த வருடம் வில்லியம், ஐம்பதை எட்டும் வயதில், மேரி பிட் என்ற விதவையைத் திருமணம் செய்தார். கரோலைன் வீட்டை விட்டு வெளியேறி வாடகை அறைக்குப் போனாள். வானத்து வேலைக்கு மட்டும் வந்து போனாள். அந்தக் காலத்து நாட்குறிப்புகளைப் பிற்காலத்தில் அவளே அழித்துவிட்டாள். திருமணம் வந்ததால் ஒரு தங்கையின் பத்து வருடங்கள் சரித்திரத்தில் வெற்றுத்தாளாயின. இரண்டு பெண்களும் பின்னாளில் நல்லுறவோடு வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் என்னை வருடக்கணக்காகப் பிடித்து வைத்துக்கொண்ட கதை நம் பக்கத்துக் கதை. கொடைக்கானல் கதை.

நுவரெலியாவைப் போலவே கொடைக்கானலும் வெள்ளைக்காரர் குளிருக்காக உண்டாக்கிய மலை ஊர். ஏரி, பங்களா, மூடுபனி எல்லாம் ஒரே அச்சு. ஆனால் நம் மலையை இரண்டு பருவமழைகளும் மாறி மாறி நனைக்கின்றன. பழனி மலைக்கு அந்த உபத்திரவம் குறைவு. சென்னை வானாய்வகத்தைச் சேர்ந்த மிச்சி ஸ்மித் என்பவர் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீற்றர் உயரத்தில் 1899இல் சூரியனை ஆராயும் நிலையம் இயங்கத் தொடங்கியது. மோட்டார்ப் பாதை இன்னும் அமையாத அந்த மலைக்கு 1907 ஜனவரியில் ஒரு புதுமணத் தம்பதி வந்து சேர்ந்தது. கணவர் ஜோன் எவர்ஷெட், வயது நாற்பத்திரண்டு. மனைவி மேரி, வயது நாற்பது.

இருவருமே பொழுதுபோக்கு வானியலாளர்கள். ஜோன் லண்டனில் ஒரு நிறுவனத்தில் இரசாயனப் பகுப்பாய்வு செய்து வயிறு வளர்த்தவர். மாலையிலும் விடுமுறையிலும் சொந்தச் செலவில் அமைத்த சிறு வானாய்வகத்தில் சூரியனைப் பார்த்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட ரன்யார்ட் என்ற நண்பர், இறக்கும்போது தன் பதினெட்டு அங்குலத் தொலைநோக்கியை அவருக்கு எழுதி வைத்தார். 1898இல் முழுச் சூரியகிரகணத்தைப் பார்ப்பதற்காக இந்தியாவின் பேரார்ப் பகுதியிலுள்ள தால்னி வரை வந்து போனவர்.

மேரி ஓரின் கதை இன்னும் சுவாரசியம். இளம் வயதில் புளோரன்ஸ் நகரில் தங்கித் தாந்தேயின் காவியத்தில் மூழ்கியவள். பின்பு தாயோடும் சகோதரியோடும் அவுஸ்திரேலியாவுக்குப் போனாள். தென்வானத்து விண்மீன்களை அடையாளம் காண விரும்பியவர்களுக்கு அப்போது உருப்படியான ஒரு கைநூல் கிடையாது. வேறு யாராவது எழுதட்டும் என்று காத்திருக்காமல் தானே எழுதினாள். அந்நாட்டின் பேர்பெற்ற வானியலாளர் ஜோன் டெபட் அதற்கு முன்னுரை கொடுத்தார். திருமணத்துக்கு முன்பே, யாருடைய மனைவியாகவும் ஆகும் முன்பே, அவள் வானியலில் நூலாசிரியை.

அக்காலத்தில் லண்டனின் அரச வானியல் கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. 1916இல்தான் அந்தக் கதவு திறந்தது. பொழுதுபோக்காளர்களுக்காக 1890இல் தோன்றிய பிரித்தானிய வானியல் சங்கமோ ஆரம்பத்திலிருந்தே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சங்கம் 1896 ஓகஸ்டில் நோர்வேயின் வாட்சோ என்ற வடகோடி ஊருக்குக் கிரகணம் பார்க்க ஒரு கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்தது. ஜோனும் போனார், மேரியும் போனாள். கிரகண வேளையில் மேகம் மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இருவருக்கும் அறிமுகம் உண்டாயிற்று. பத்து வருடம் கழித்து, 1906இல் திருமணம். அதே சமயம் கொடைக்கானலில் உதவிப் பதவி ஒன்று ஜோனுக்குக் கிடைத்தது. புதுமணத் தம்பதி அமெரிக்கா, யப்பான் வழியாக வானாய்வகங்களைப் பார்த்துக்கொண்டே மலையேறினார்கள். தேன்நிலவுக்கே வானாய்வகம் பார்க்கப் போன தம்பதியை வேறெங்கும் நான் வாசித்ததில்லை.

இங்கே ஒரு சிறு இடைச்செருகல். அவர்களுடைய குடும்பம் அமைதியாக நடந்ததற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நட்சத்திரமும் ஒரு காரணமென நான் நினைக்கிறேன். சூரியனைப் பார்ப்பவன் இரவில் வீட்டில் இருக்கிறான்! கொடைக்கானலில் காற்றின் சலனம் குறைந்து சூரியன் தெளிவாகத் தெரிவது காலையின் முதல் சில மணி நேரத்தில். அதற்குள் படமெடுத்து முடித்தால் மீதி நாள் கணக்குக்கும் எழுத்துக்கும். வால்வெள்ளியைத் துரத்தி அதிகாலையில் மலையேறிய என்னைப்போன்ற மூடனுக்கு யாரும் இந்த உபாயத்தைச் சொல்லித்தரவில்லை.

1909 ஜனவரி 5ஆம் திகதி ஜோன் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளின் நிறமாலையில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். புள்ளி சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து விலகி இருக்கும்போது, அதைச் சுற்றியுள்ள மங்கிய வளையத்தின் ஒரு பக்கத்தில் நிறமாலைக் கோடுகள் சிவப்பை நோக்கியும், மறுபக்கத்தில் நீலத்தை நோக்கியும் நகர்ந்திருந்தன. வாயு அந்த வளையத்தில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கிடையாகப் பாய்கிறது என்பது அதன் பொருள். புள்ளிகளில் சுழல் இயக்கத்தை எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது ஆரை வழியிலான பாய்ச்சல். உலகம் அதை இன்றும் எவர்ஷெட் விளைவு என்று அழைக்கிறது. 1911இல் அவர் நிலையத்தின் இயக்குநரானார். 1915இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். ஓய்வு பெறும் 1923 வரை அந்த மலையில் இருந்தார்.

மேரிக்கு அங்கே பதவி எதுவும் இல்லை. ஆனால் வேலை இருந்தது. சூரிய விளிம்பிலிருந்து கிளம்பும் தீச்சுவாலைகளின் படங்களை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தாள். சூரியப் புள்ளிகளோடு தொடர்புடைய சுவாலைகளின் வகைகளைப் பற்றி 1913இல் தன் பெயரில் தனிக் கட்டுரை வெளியிட்டாள். அக்கட்டுரை வந்தது எந்தக் கழகம் அவளை உறுப்பினராக ஏற்கவில்லையோ அதே கழகத்தின் சஞ்சிகையில்! 1917இல் பெருந்தொகையான சுவாலைகளின் அவதானங்களைத் தொகுத்துக் கொடைக்கானல் நிலையம் ஒரு நூல் வெளியிட்டது. அதில் கணவன், மனைவி இருவர் பெயரும் உள்ளன. இந்த வேலைகளுக்கு நடுவே, அந்த மலையின் குளிரில், தாந்தேயின் காவியத்தில் வரும் வானியல் செய்திகளை ஆராய்ந்து பெருநூல் ஒன்றையும் எழுதி முடித்தாள். 1914இல் லண்டனில் வெளிவந்தது. தாந்தேயை ஆராய்வோர் இன்றும் நாடும் நூல் அது.

2008ஆம் ஆண்டு நானும் மனைவியும் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு யாத்திரை போனோம். பழனியில் தரிசனம் முடிந்ததும், "உங்கள் கோயிலுக்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்" என்று அவளே சொன்னாள். கொடைக்கானலுக்கு ஏறினோம். காட்சிக்கூடத்தில் சூரியனின் பிம்பத்தைப் பார்த்தோம். 1904இலிருந்து அங்கே எடுக்கப்பட்டுவரும் சூரியப் படங்களைப்பற்றி அங்குள்ளவர் சொன்னார். வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, பிளாஸ்கில் கொண்டுபோன தேநீரைக் குடித்தபடி, எவர்ஷெட் தம்பதியின் கதையை அவளுக்குச் சொன்னேன். என் எண்ணம் என்னவென்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பார்த்தாயா, இருவரும் சேர்ந்து செய்தால் எவ்வளவு அழகாக இருக்கிறது என்று, இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய அந்த அதிகாலைக்குச் சமாதானம் சொல்லும் எண்ணம் எனக்கு.

முழுவதையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "அந்த அம்மாவுக்குப் பேர் போட்டார்களா?"

தோட்டத்தை அறியாத வாசகர்களுக்காக இதை விளக்க வேண்டும். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், குறித்த நிறை கொழுந்தை எடுத்து மடுவத்தில் நிறுத்தால், செக்ரோலில் அன்றைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். பேர் என்பது இங்கே ஒரு நாட் கூலி. பேர் இருந்தால்தான் வேலை செய்ததாகக் கணக்கு. என் மாமியார் முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் சம சம்பளம் 1984இல்தான் வந்தது. அதுவரைக்கும் அவருக்கு விழுந்த முழுப்பேரும் ஆணின் பேரை விடக் குறைந்த பேர்தான். அந்தச் சம்பளத்தையும் பல வருடங்கள் மாமனாரே கைநீட்டி வாங்கினார். பல தோட்டங்களில் அதுதான் வழக்கம். விடியலுக்கு முன் ரொட்டி சுட்டதற்கும், பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டதற்கும், மாலையில் விறகு சுமந்ததற்கும் எந்தச் செக்ரோலிலும் பேர் விழுந்ததில்லை. அந்த வீட்டுப் பெண் கேட்ட கேள்வி இது.

இல்லை என்றேன். சம்பளம் கணவருக்கு மட்டும்தான்.

"அப்படியென்றால் ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள் வேலை" என்றாள்.

இதை நான் சரித்திரமாக எழுத நினைத்தபோது சிக்கல் வந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று தள்ளிவிட முடியாது. கொடைக்கானலுக்குத் தாய்வீடான சென்னை வானாய்வகத்திலேயே ஒரு பெண் சம்பளத்துக்கு வேலை செய்திருக்கிறாள். அங்கே நெடுங்காலம் தலைவராயிருந்த நோர்மன் பொக்சனின் மகள் ஐசிஸ் 1873இலிருந்து 1898 வரை, தந்தை இறந்த பின்பும், அங்கே பணியாற்றினாள். தகப்பனார் 1886இல் அவளை அரச வானியல் கழகத்துக்கு முன்மொழிந்தார். கழகத்தின் சாசனம் ஆண்களைப்பற்றியே பேசுகிறதென்று வழக்கறிஞர்கள் சொன்னதால் அது கைவிடப்பட்டது. 1920இல்தான் அவளுக்கு அங்கே இடம் கிடைத்தது. அப்படியானால் மகளுக்குப் பேர் போடலாம், மனைவிக்குப் போடுவதில்லை. தங்கை கரோலைனுக்கும் பேர் போட்டார்கள். மனைவியின் உழைப்பு மட்டும் எப்படியோ கணவனின் சம்பளத்துக்குள் அடங்கியதாகவே கொள்ளப்பட்டது. மேரி இதைப்பற்றிக் குறைப்பட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. ஜோனும் அவளை மறைக்கவில்லை. 1917இன் நூலில் அவள் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் அச்சிட்டவர் அவர். நான் என் மனைவியின் பிரதிகளுக்கு அதைக்கூடச் செய்ததில்லை.

இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் ஜோன் மறுபடியும் பொழுதுபோக்காளரானார். சரே மாவட்டத்தின் யூஹர்ஸ்ட் கிராமத்தில் வீட்டோடு ஒரு வானாய்வகம் கட்டி முதுமையிலும் சூரியனைப் பார்த்தார். அரச வானியல் கழகம் மேரியை 1924இல் உறுப்பினராக்கியது. பிரித்தானிய வானியல் சங்கத்தின் சரித்திரப் பிரிவை 1930இலிருந்து 1944 வரை அவள் நடத்தினாள். அந்தப் பிரிவின் பெரும்பணியாக 1938இல் ஒரு நூல் வெளிவந்தது. நிலவின் பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் சூட்டப்பட்டுள்ள பெயர்களுக்கு உரியவர்கள் யார் யார் என்று கூறும் வரலாற்றுக் கையேடு. அதாவது நிலவின் செக்ரோல்! அதை எழுதிய கணக்கப்பிள்ளை மேரி எவர்ஷெட். 1949இல் அவள் காலமானாள். ஜோன் 1956இல். நிலவின் மறுபக்கத்தில் இன்று எவர்ஷெட் என்றொரு பள்ளம் உண்டு. அது ஜோனின் பெயரால் வழங்குவது.

இந்த விவரத்தை நான் பின்னர்தான் வாசித்து மனைவியிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "கணக்கு எழுதினவளுக்குப் பேர் விழவில்லையா?" என்றாள்.

கொடைக்கானலால் திரும்பிய பின் அலுமாரிப் பெட்டியை நானாக இறக்கவில்லை. தூசி தட்ட வேண்டுமென்று அவள்தான் இறக்கச் சொன்னாள். 1990களின் பிற்பகுதியில் மகள் கேட்டு இரண்டு மூன்று முறை சனியைக் காட்டியதோடு சரி, பிறகு அது மீண்டும் மேலே போயிருந்தது. கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மலைநாட்டு ஈரத்துக்கு அது தப்பாது. கழற்றித் துடைத்தோம். நான் தயங்கியதைப் பார்த்து, "இரண்டு மணிக்குப் போகிறதென்றால் போங்கள். இப்போது வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளை இல்லை. போகும்போது என்னையும் எழுப்பினால் போதும்" என்றாள். எழுப்பினேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் குளிர் என்று போய்விட்டாள். சில நாள் அரை மணி நேரம் நின்றாள். ஓரியன் நெபுலாவைப் பார்த்து, "கொழுந்து மடுவத்து ஆவிபோல இருக்கிறது" என்றாள். அதைவிடச் சரியான வர்ணனையை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. சனியில் அவளுக்கு ஆர்வமே வரவில்லை. வரவேண்டுமென்று கட்டாயமும் இல்லை.

2010 ஜனவரி 15ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் கங்கண சூரியகிரகணம். யுத்தம் முடிந்து எட்டு மாதம். பொங்கலுக்கு மறுநாள். ஏ9 பாதையால் பஸ்ஸில் போய், உறவினர் வீட்டு முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தினோம். சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழுத்தி, ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் குறிப்பதாகத் திட்டம். கைக்கடிகாரமும் கொப்பியும் அவள் கையில். பிற்பகல் ஒன்றரை மணியை அண்டி, சந்திரன் சூரியனுக்குள் முழுமையாகப் புகுந்து, நெருப்பு வளையம் ஏறத்தாழப் பத்து நிமிடம் நின்றது. தெருவெல்லாம் சனம். கொழும்பிலிருந்து வந்திருந்த பழைய பத்திரிகை நண்பர்கள் இருவர் என்னை அடையாளம் கண்டு கூப்பிட்டார்கள். மதிலடிக்குப் போய்ப் பேசத் தொடங்கிய நான், வளையம் அறுந்து வெகுநேரம் ஆன பின்னரே முற்றத்துக்குத் திரும்பினேன். மீதி நேரங்களை எல்லாம் அவளே தாளைப் பார்த்துக் குறித்திருந்தாள்.

இரவு கொப்பியை விரித்துப் பார்த்தேன். மணி, நிமிடம், விநாடி, குறிப்பு என்று நான் போட்டிருந்த நான்கு நிரல்களுக்கு அப்பால், அடிமட்டம் வைத்து ஐந்தாவதாக ஒரு நிரல் கீறப்பட்டிருந்தது. மேலே "பேர்" என்று தலைப்பு. வரிக்கு வரி அவள் தன் முதலெழுத்தையே இட்டிருந்தாள். கடைசி வரியில் என் பெயர் இருந்தது. அதற்கு நேரே "அரைப்பேர்" என்று எழுதியிருந்தாள்.

கொட்டகலை ஆசிரியரை நேற்று அழைத்தேன். வரும் சனிக்கிழமை தொலைநோக்கியோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மனைவியையும் கூட்டிவரும்படி என் வீட்டுக்காரி சொல்லச் சொன்னாள்.